முதல் துண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? ஒட்டாவாவில் நாங்கள் சுகம்.

அப்பா கடல் பனிக்கட்டிக்கு அடியில் மூழ்கிய பிறகு பிறந்து, அவர் பெயரையே சுமக்கும் என் மகள் கௌனாக், கடை நூடுல்ஸைத் தவிர எதையும் தொடமாட்டாள் அல்லவா? நேற்று ஒரு வேடிக்கை. இங்குள்ள நம் ஊர்க்காரர்களோடு கூடி, தரையில் அட்டை விரித்துக் கடல்நாயை அறுத்தோம். அவள் பச்சை ஈரலைக் கையில் எடுத்து, "முதல் துண்டு என் பொண்டாட்டிக்கு. எங்க அவ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அம்மா ஊர்ல இருக்காங்க, அப்பா," என்றேன்.

"காத்துக்கிட்டிருப்பா. எனக்குத்தான் வழி தெரியல."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

விமானத்தில் வருபவர்களிடம் கடல்நாய்க் கொழுப்பு கொடுத்தனுப்புங்கள். கடை நூடுல்ஸ் இனி வேண்டாமாம். பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். அந்த ஈரல் துண்டு உறைபெட்டியில் இருக்கிறது. நீங்கள் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்கிறார் அப்பா.

உங்கள் மகள்
ஆலாசி