கூடையில் நிற்கும் ஒரு பாக்கெட் இறால் பொடி

சம்பந்தி,

இன்று காலை இறால் பொடி இடித்துத் தாம்பாளத்தில் ஆறப் போட்டிருந்தேன். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும், நீங்கள் சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டது போலவே இருந்தது. மிளகாய் வறுக்கிற வேலை எப்போதும் உங்களுடையதுதானே. இப்போது அதையும் நானே வறுக்கிறேன். கொஞ்சம் கருகித்தான் போகிறது.

அந்த நேரம் பார்த்து ஜெனி போனை நீட்டினாள். மகன் வயிற்றுப் பேத்தி என்று நீங்களும், மகள் வயிற்றுப் பேத்தி என்று நானும் சண்டை போட்டுப் பங்கிட்டோமே, அவள்தான்.

“ஆயா, முடிக்காத ஆர்டர் ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது. அழிச்சிடட்டா?”

யாருடையது என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினாள். உங்கள் பெயர்.

ஆன்லைனில் கடை போடலாம் என்று அவள் முதலில் சொன்னபோது, “மோந்து பாக்காம எவ வாங்குவா?” என்று சிரித்தது நீங்கள்தான். அப்புறம் என்னைவிடத் துடித்ததும் நீங்கள்தான். என் உள்ளங்கையில் பொடியை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, “இதுல பொடி எங்க இருக்கு? மோதிரம்தான் தெரியுது. கடலூர்க்காரங்க பெருமை!” என்றீர்கள். கடைசியில் உங்கள் கைதான் படமானது. பொடியைப் பற்றி நாலு வரி நான் எழுதினேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் எழுதியதை ஒரு எழுத்தும் மாற்றாமல் ஜெனி போட்டாள். மாதா கோயில் பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

எல்லாம் தயார். நான்தான் தடுத்தேன். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் எங்கள் வீட்டில் எந்தக் கடையும் திறந்ததில்லை. ஃபாதரோ வெளியூர் போயிருந்தார், வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

“கதவே இல்லாத கடைக்குத் தீர்த்தத்த எங்க தெளிப்பாரு சம்பந்தி?”

“போன் மேல தெளிப்பாரு.”

“போன் கெட்டுப் போவும்.”

“தொடச்சிக்கலாம்.”

ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. “சரி, உங்க இஷ்டம். ஆனா மொத ஆர்டர் நான்தான் போடுவேன். சும்மா குடுத்தா வாங்க மாட்டேன், ஆமா” என்றீர்கள். ஊருக்குப் போன பிறகும் தினமும் போன். “தொறந்தாச்சா? இன்னும் இல்லியா?” உங்கள் அவசரத்தைக் கேலி பண்ணினேன். எதற்கு அவசரப்பட்டீர்கள் என்று இப்போது யாரைக் கேட்பது?

பத்தாம் நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள்.

அடுத்த வாரம் ஃபாதர் வந்தார். போன் மேல் இரண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்தார். கெட்டுப் போகவில்லை. முதல் ஆர்டர் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

கடை திறக்கும் முன்பே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜெனி உங்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பியிருக்கிறாள். எடுத்துக் கூடையில் போடலாம், ஆர்டர் பட்டன் மட்டும் வேலை செய்யாது. நீங்கள் ஒரு பாக்கெட் போட்டு, விலாசமும் நிரப்பியிருக்கிறீர்கள். கொண்டுவருகிறவருக்குச் சொல்ல வேண்டியது என்ற இடத்தில், “கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன். தள்ளிக்கிட்டு உள்ள வரவும். நாய் கிடையாது” என்று இருந்தது.

எத்தனை தடவை அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தீர்களோ.

“அழிக்காத” என்றேன்.

“அது அப்படியே நின்னுக்கிட்டே இருக்கும் ஆயா.”

“நிக்கட்டும்.”

சூடு ஆறுவதற்குள் ஒரு பாக்கெட் கட்டினேன். சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் என் மடியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கிற என் மகளுக்குப் போன் பண்ணி ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

“நான் வர்றேன்டி. கேட்டுத் தாழ்ப்பாள எடுத்து வை.”