நீ திங்கட்கிழமை வருவதாக எழுதியிருந்தாய்

இன்று காலை பாயான் பாருவில் பிரிண்டர் மை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரரின் கணினியில் புது மின்னஞ்சல் வந்ததற்கான மணிச்சத்தம் கேட்டது. உன் மடிக்கணினியில் கேட்குமே, அதே சத்தம். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். உன்னிடம் பேச வேண்டும்போல இருந்தது.

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்து, தொழிற்சாலைகளுக்கு வேலையுடை தைத்துக் கொடுக்கத் தொடங்கியபோதே நாம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். துணியும் கத்தரியும் எனக்கு, கடிதப் போக்குவரத்து உனக்கு. எனக்கு ஆட்களோடு பேச வராது. உனக்கு நேராக வெட்ட வராது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நாம் அப்படித்தான்.

எல்லாரும் கைப்பேசியில் பதில் போட ஆரம்பித்த பிறகும் நீ மடிக்கணினியில் இருந்த அந்தப் பழைய அஞ்சல் மென்பொருளை விடவில்லை. அதையும் தானாக எதையும் அனுப்பாதபடி மாற்றி வைத்திருந்தாய். நீ எழுதியதெல்லாம் அவுட்பாக்ஸில் காத்துக் கிடக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நீயே பொத்தானை அழுத்துவாய். அப்போதுதான் வர வேண்டியது வரும், போக வேண்டியது போகும். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "போன்ல உடனே போட்டா கோவமும் சேர்ந்து போயிடும்லா. இதுல கொஞ்ச நேரம் ஊறட்டும்" என்றாய். சொன்ன நாளில் துணி அனுப்பாத வியாபாரிக்கு ஒருநாள் காலையில் நீ எழுதியதைப் படித்து நான் பயந்தே போனேன். மாலையில் அனுப்பும்போது அது இரண்டு வரியாகச் சுருங்கி, அவர் மகள் கல்யாணத்துக்கு வாழ்த்தும் சேர்ந்திருந்தது. அடுத்த வாரமே துணி வந்தது.

ஆஸ்பத்திரிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனாய். மருந்து ஏறும் கையை அசைக்காமல் மற்றக் கையால் தட்டுவாய். வார்டில் இணையம் சரியாகக் கிடைக்காது. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்கிறேன் என்பாய். கடைசித் தடவை நீ வீட்டுக்குப் போகவில்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் உன் கணவர் ரவி அண்ணன் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தார். "இது இங்கயே இருக்கட்டும் செல்வி. வீட்ல இருந்தா திறந்து திறந்து பார்க்கத் தோணுது" என்று சொல்லி, உட்காராமலே போய்விட்டார். என்னென்ன ஆர்டர் வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் தையல்காரர்கள் இருவரும் சும்மா இருந்தார்கள். வந்த அஞ்சல்களை எடுக்கலாம் என்று நீ அழுத்தும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. திரையின் அடியில் வேறொரு வரியும் ஓடியது: மூன்றில் முதலாவது அனுப்பப்படுகிறது. முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது மூன்றும் போய்விட்டிருந்தன.

அவுட்பாக்ஸில் நீ விட்டுப்போனவை. இரண்டு சாதாரண விஷயம்: அளவுகளும் நூல் நிறமும். மூன்றாவது, கடல் பாலத்துக்கு அக்கரையில் ஜுரு தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கும் மலாய்க்கார அக்கா காக் நோருக்கு. மாதிரி உடைகள் தயார், உடம்பு இப்போது பரவாயில்லை, திங்கட்கிழமை நானே கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ நினைத்தது எப்போதோ கடந்துபோன ஒரு திங்கட்கிழமை. அவருக்கு அது வரப்போகும் திங்கட்கிழமை. உடம்பு பரவாயில்லை என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதும்போது நீ அதை நம்பினாயா?

கொஞ்ச நேரத்தில் மணிச்சத்தம். காக் நோரின் பதில், உன் பெயருக்கு. நீ போன செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. இறைவனுக்கு நன்றி, கட்டாயம் வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று எழுதியிருந்தார்.

உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். வருந்துகிறோம் என்று தொடங்கி அழித்தேன். மறுபடி தொடங்கினேன். வருகிறேன் என்று நீ சொன்ன வரிக்கு மேலேயே, நீ இறந்துவிட்டாய் என்று எப்படி எழுதுவது? ரவி அண்ணனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டாளா?"

"ஆமாண்ணே."

"அப்போ நீ போயிட்டு வந்திரும்மா."

மாதிரிகள் அலமாரியில் மடித்தபடியே இருந்தன. எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். தொழிற்சாலை வாசலில் காவலர் நீட்டிய வருகை அட்டையில் உன் பெயர் இருந்தது. இது நானில்லை என்றேன். அவர் உள்ளே பேசினார். காக் நோரே இறங்கி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் காரைப் பார்த்தார். அவள் எங்கே என்று மலாயில் கேட்டார். சொல்ல வேண்டியதைப் பாலம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால், இனி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"போன வாரம்தானே எனக்கு எழுதினாள்" என்றார்.

அந்தக் கடிதம் எப்படிக் காத்துக் கிடந்தது, எப்படிப் போனது என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். வெயிலில் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை நீ சைவம் என்பதை நினைவில் வைத்து, முட்டைகூடச் சேர்க்காமல் மீகூன், அரிசிச் சேமியா, பிரட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். உன் பங்கை எனக்கு வைத்தார். மிச்சம் வைக்க மனம் வரவில்லை. அவரும் சாப்பிட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மாதிரிகளைப் பார்த்தார். சட்டைப்பை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்றார். மாற்றித் தருகிறோம் என்றேன். ஆர்டர் வந்தது.

அதற்குப் பிறகு அஞ்சல்களும் என் வேலையாகிவிட்டன. ஒரு பதில் எழுத எனக்கு இன்னும் அரைப்பொழுது வேண்டியிருக்கிறது. காக் நோர் இந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது. புது ஆட்களுக்கு அளவெடுக்க வருகிறோம் என்று நேற்று அவளுக்கு எழுதினேன். எத்தனை பேர் வருகிறீர்கள், வாசலில் சொல்லி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

நான் மட்டும்தான் என்று எழுதினேன். கைபோன போக்கில் அதற்குக் கீழே, 'நாளை மறுநாள் சந்திக்கிறோம்' என்று பன்மையிலேயே முடித்திருந்தேன். படித்துப் பார்த்தேன். திருத்த மனம் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.