இருபத்தெட்டாவது நட்சத்திரம்

ஆடி 12, திங்கள்

போன் வந்தபோது வீட்டில் நானும் இவரும்தான். பேசியது என் பள்ளித்தோழி ஜெசிந்தா. கோயில் இணையதளத்துக்காக நான் நிரல் எழுதிய அர்ச்சனைப் படிவம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டதாம்.

"ஏட்டி, வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு முன்னால பண்ணுனோம்லா, அதுமாதிரி ஒரு அர்ச்சனை போடலாம்னு பாத்தா, நட்சத்திரம் கேக்கு. எனக்கு ஏதுட்டி நட்சத்திரம்? கிறிஸ்துமஸுக்கு வாசல்ல கட்டுததுதான்!"

சிரித்தாள். பிறகு "சரி, விடு" என்று வைத்துவிட்டாள். அந்த "விடு" இன்னும் உறுத்துகிறது.

நட்சத்திரக் கட்டத்தின் தலைமாட்டில் இரண்டு டெகரேட்டர்களை, உள்ளே வருவதைச் சோதிக்கும் நிரல் வரிகளை, நிறுத்தியது நான்தான். ஒன்று காலியாக விடாது. மற்றது இருபத்தேழைத் தவிர எதையும் ஏற்காது. தப்பான பதிவு ஒன்றுகூட நுழையாது என்று பெருமை வேறு.

பத்தாங்கிளாஸில் அன்றைக்குக் குருக்கள் நட்சத்திரம் கேட்டபோதும் அவள் இப்படித்தான் விழித்தாள். "தெரியாட்டா என்ன தாயீ, சாமி பேருக்கே பண்ணிருவோம்" என்று முதல் பூவை அவள் கையில்தான் கொடுத்தார். பரீட்சை முடியும்வரை அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள்.

நட்சத்திரப் பட்டியலிலும் டெகரேட்டரிலும் இருபத்தெட்டாவதாக "சுவாமி பெயருக்கு" என்று சேர்த்துவிட்டேன். அவள் பெயரை நானே போட்டுப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டது. உடனே அழித்துவிட்டேன். அவள் கையால் போடட்டும்.

அவளுக்கு அனுப்பிய செய்தி: "ஜெசி, இன்னொரு தடவை போட்டுப் பாருட்டி. வியாழனுக்கு முன்னால பதில் சொல்லு."