மூன்று இறாத்தல்

1964 மே 3, ஞாயிறு
பட்டம் பெற்று வந்தும் வேலை இல்லை. வீட்டிலிருந்து அண்ணாவைப் பார்க்கிறேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்து கயிறு துள்ளுகிறார். பக்கத்தில் மேயும் கோழிகூட ஒதுங்குவதில்லை. அவ்வளவு மெதுவான கால்.

காசுக்குக் குத்துச்சண்டை போடத் தொடங்கி இரண்டு வெற்றி. மூன்றாவது சண்டை வரும் சனிக்கிழமை, கார்னிவலில். நன்றாக ஆடினால், போட்டி நடத்துகிற ஒழுங்காளர் கொழும்புக்கு எடுப்பாராம். லைட்வெயிட் பிரிவுக்கு 135 இறாத்தல்தான் எல்லை.

மே 6
சல்லிக் கரையில் மீனவரிடம் மீன் வாங்கி விற்கும் செல்லத்தம்பி மாமாவின் தராசில் அண்ணா கூடைக்குள் குந்தினார். நூற்றிமுப்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவு.
“இந்தச் சூரை மீனில முள்ளுத்தான் கூட,” என்றார் மாமா. அண்ணா இரவு வயிறாரச் சாப்பிட்டார்.

மே 9, சனி
காலையில் நிறுவை. சாப்பிடக் கஞ்சியோடு வாசலில் நின்றேன். உள்ளே சத்தம். 138!

மத்தியானத்துக்குள் இறங்காவிட்டால் சண்டை இல்லை.

“எந்தத் தராசிலயடா நிறுத்தனீ?” அண்ணாவைப் பழக்குகிற அபூதாஹிர் நானா கத்தினார்.

மீன் வாங்குகிறவரின் தராசு... குறைத்துக் காட்டும்! எனக்கு அப்போதுதான் விளங்கியது. சல்லி மீனவர்கள் சுற்றி நின்றார்கள். மாமா நிலத்தைப் பார்த்தார்.

அண்ணா சொன்னார்: “புட்டுக் கூடிப்போச்சு நானா. பிழை என்ர.”

“புட்டுக்கோடா கொழும்பை வித்தனீ?”

கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை. கடற்கரை வீதியில் அந்த வெயிலில் ஓடினார், ஓடினார். உதடு வெடித்துவிட்டது. ஆண்கள் கூட்டத்தில் நிற்கக் கூசுகிற நான் அசையாமல் நின்றேன். கடைசியில் 135.

கஞ்சிக் கோப்பையை அவரிடம் நீட்டினேன்.
“ஏனண்ணா தராசைப் பற்றிச் சொல்லேல்லை?”
“சொன்னா மாமா கரையில நிக்க ஏலாது. மூண்டு இறாத்தல்தானே, ஓடினாப் போயிடும்.”

மே 10
தோற்றுவிட்டார். ஐந்தாம் சுற்றில் கால் மடிந்தது. எழும்பினார். ஆறாவது முழுக்க நின்றே அடித்தார். நான் கத்தினேன் — கத்தினது நான்தானா? ஓம், நான்தான்.
ஒழுங்காளர், “எடை காக்கத் தெரியாத பொடியன் வேண்டாம்” என்றாராம். இதற்கா ஓடினார்? நெஞ்சு பொறுக்குதில்லை. அண்ணாவோ வீங்கிய கண்ணோடு கயிறு துள்ளுகிறார்.

மே 12
ஒழுங்காளர் தங்கியிருந்த விடுதிக்கு நேற்று மாமா தனியே போனாராம். இன்று அபூதாஹிர் நானா சைக்கிளில் வந்து, “பிழை உன்ர இல்லையாம், தராசிலயாம். வெளிக்கிடடா, கொழும்பில எட்டுச் சுற்று!” என்றார்.

கரைக்கு மாமா மீன் வாங்க வரவில்லையாம்.

அண்ணா குளித்தார். “எனக்கு உலை வைக்காத, நான் மாமா வீட்டில சாப்பிடுறன்,” என்று சொல்லிவிட்டுச் சல்லிக்குப் போனார்.