கூர் அடிப் படகு

விழிஞ்ஞம்,
செவ்வாய்.

கஸ்பாரோட அப்பாவுக்கு,

மாதா கிருபையில் நான் சுகம். உங்க இருமல் குறைஞ்சுதா? மருந்தைப் பாதியில நிறுத்திராதீங்க. இங்க மீன் காயப்போடுற வேலை தினமும் இருக்கு.

பேரன் டெனிசுக்காக ரெண்டு படகு பார்த்தேன். நீளமும் எஞ்சினும் ஒண்ணுபோலதான். ஒண்ணுக்கு அடி தட்டை, மத்ததுக்குக் கூர். ரெண்டுலயும் ஏறிப் பாக்கணும்னேன். விக்கிற யூசுப், "பெண்ணுங்க கேறப்பிடாது அம்மச்சி"ன்னான். "வள்ளத்துல போறவனைப் பெத்தவ கேறினா முங்கிருமாடே?"ன்னு கேட்டு உக்காந்துட்டேன். சிரிக்காதீங்க.

துறைமுகம் தாண்டினதும் தட்டைப் படகை ஒவ்வொரு அலையும் தூக்கித் தூக்கி அடிச்சுது. படகு கவுந்து நம்மளை விட்டுப் போன அன்னைக்கு நம்ம மகன் கஸ்பார் என்ன பாடு பட்டிருப்பான்னு அப்பதான் தெரிஞ்சுது. கூர்ப் படகு அலையைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு.

அவனைத் தட்டை அடிப் படகு வாங்கச் சொன்னது நான்தான். கூர்ப் படகை மணல்ல இழுத்துக் கரையேத்த எட்டுப் பேர் வேணும். அடுத்த வீட்டுக்காரன் கையை எதிர்பாத்து நிக்கக் கூடாதுன்னு எனக்கு வீம்பு.

டெனிசும் தட்டையைத்தான் கேப்பான். அவன் பேச்சைக் கேக்காதீங்க. கூர் அடியையே பேசி முடிச்சுட்டேன்.

என் கண்ணாடியையும் கஸ்பார் போத்தின போர்வையையும் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. போர்வையைத் துவைக்க வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடுறாங்க. பதினோரு வருசமா நாம பேசாத அடுத்த வீட்டு மரியதாஸ்கிட்ட, இந்தக் கடிதாசி கிடைச்ச அன்னைக்கே போங்க. படகு இழுக்க அவனும் பிள்ளைகளும் வரணும்னு நான் கெஞ்சிக் கேட்டதாச் சொல்லுங்க. அந்த வார்த்தையை மாத்திராதீங்க.

ஞானப்பூ