மர்சலின் பேருக்கு வந்த கவர்

மர்சலின் அப்பாவுக்கு,

சோறு அடுப்படியில மூடி இருக்கு. ரேஷன் அரிசி, கல் பாத்துச் சாப்பிடுங்க. குழம்பைச் சுட வெச்சுக்குங்க.

சாவி வாங்கப் போனப்ப பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் அக்கா உங்ககிட்ட முகம் குடுத்துப் பேசியிருக்க மாட்டாங்க. காலையில பூசைக்கு அவங்க வந்தாங்க, நீங்க வரலை. மர்சலின் இறந்து ஒரு வருஷம் ஆன பூசைக்கு அவ அப்பா எங்கேன்னு சாமியார் கேட்டார். ஷேர் தரகர்கிட்ட போயிருக்கார்னு எப்படிச் சொல்றது? தலைவலின்னேன்.

ஞானஸ்நானத்தன்னிக்கு அவ பேர்ல வாங்கின மில் ஷேரை, அவ கல்யாணம் வரைக்கும் தொடக்கூடாதுன்னது நீங்கதான். யுத்தத்துல ஊரே பயந்துபோய் வித்தப்பகூட நீங்க அசையலை. போன வாரம் வித்துட்டீங்க. “அவளே இல்லை, இனி யாருக்காகக் காத்திருக்கணும்?”னீங்க. அதுலேருந்து காலையில வாங்கறீங்க, சாயங்காலம் விக்கறீங்க. ஏறினா சிரிப்பு, இறங்கினா சாப்பாட்டைத் தள்ளிடறீங்க. அந்த ஷேர் மார்க்கெட் கூச்சல்ல அவ ஞாபகம் வராதுன்னுதானே ஓடறீங்க? எனக்கு ஓட அப்படி ஓர் இடம் இல்லையே.

கல்லறைக்குப் போறேன். விளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவேன். தரகர் ஆள் வந்தா இன்னிக்கு ஒரு நாள் திருப்பி அனுப்பிடுங்க.

ஐரின்

சொல்ல மறந்துட்டேன். மாதா படத்துக்குப் பின்னால ஒரு கவர் இருக்கு. ஷேர் இன்னும் பேர் மாறலை போல, மில் லாபத்துல தர்ற டிவிடெண்ட் அவ பேருக்கே வந்திருக்கு. தபால்காரர் புதுசு. வாசல்ல நின்னு, “மர்சலின் யாரும்மா?”ன்னார்.

“பள்ளிக்கூடம் போயிருக்கா”ன்னு சொல்லி வாங்கி வெச்சிருக்கேன்.