ஒரு புரொப்பல்லர் நின்றபோது

என் அன்புக்குரியவரே,

வேலூர் பாகாயம் வீட்டிலிருந்து கிரேஸ் எழுதுகிறேன். நீங்கள் போனபிறகு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. பதில் வராது என்று தெரிந்த பிறகு எப்படி எழுதுவது? ஆனால் போன வாரம் நடந்ததை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

நான் விமானத்தில் ஏறினேன். ஆமாம், நான்தான். ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சிக்காக என்னை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். வார்டில் நர்சுகள் போதவில்லை, சீக்கிரம் வா என்று திரும்பி வருவதற்கு மெட்ராசுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு புரொப்பல்லர் வைத்த சின்ன விமானம்.

இறக்கையை ஒட்டிய ஜன்னல் எனக்கு. எஞ்சின் சத்தம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டேன். அஸ்ஸாமில் காமாலை வந்து நீங்கள் போனபோது, நீங்கள் எஞ்சின் வேலை பார்த்த விமானப்படைச் சரக்கு விமானங்களில் ஒன்றுதானே உங்களைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்தது? ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று அந்தச் சத்தம் அடங்கக் காத்திருந்தேன். ஊரார் நெற்றியிலெல்லாம் காய்ச்சல் பார்த்த கை இது. உங்கள் நெற்றியைத் தொட்டபோது சில்லென்றிருந்தது.

பக்கத்து சீட்டில் ஜமீலா என்று ஆம்பூர்க்கார அம்மா. கணவருக்குத் தோல் வியாபாரம். மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். பேரன் ஜாடை யார் மாதிரி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் என் பக்கத்துச் சத்தம் தேய்ந்தது. விமானம் ஒரு பக்கமாக வெட்டி இழுத்து, பிறகு நேரானது. ஜன்னல் வழியே பார்த்தால் புரொப்பல்லர் மெதுவாகி, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் யாரோ அலறினார்கள். ஜமீலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா! சுத்தலியேம்மா! விழப்போறோமா?"

அப்போதுதான் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. லீவில் வந்திருந்த ஒரு காலை. என் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பிடுங்கிக்கொண்டு பாடம் நடத்தினீர்களே!

"இன்னா கிரேஸ், இங்க பாரு. உள்ள ஜெட் எஞ்சின்தான். அது புரொப்பல்லரைச் சுத்துது, அவ்ளோதான். எஞ்சின் போய்ட்டா பிளேடைத் திருப்பி, இப்படி விளிம்பைக் காத்துக்குக் காட்டிடணும். அப்போ நின்னுடும், காத்து இழுக்காது. தானா சுத்திக்கினே இருந்தாதான் பேஜார்."

"தோசை கருகுது, குடுங்க" என்றேன் நான்.

திரும்ப ஜன்னலைப் பார்த்தேன். பிளேடுகள் விளிம்பைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றன.

"பைலட்டே நிறுத்தியிருக்கார்மா. நின்னா நல்லதுதான். அந்தப் பக்கம் ஓடுது, கேளுங்க. அது ஒண்ணே நம்மளக் கொண்டுபோய் சேத்துடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் இந்த மாதிரி எஞ்சின் வேலைதான் பாக்கறார்."

பாக்கறார். அப்படித்தான் வாயில் வந்தது. திருத்தவில்லை. இறங்கும்வரை ஜமீலா என் கையை விடவுமில்லை.

மெட்ராசில் பத்திரமாக இறங்கினோம். வெளியே எல்லோரையும் அவரவர் மனிதர்கள் கட்டிக்கொண்டார்கள். ஜமீலாவைக் கணவரும் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து அவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"ரம்ஜானுக்கு ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வரணும். அவரை நான் பாக்கணும்மா. அவராலதான் எனக்கு உயிரே திரும்பி வந்துது."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வேன்? வேலூர் பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே உங்களிடம் பேசிக்கொண்டு வந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போனதும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. அந்தப் புரொப்பல்லர் நீங்கள் சொன்னது போலவே நின்றது என்று சொன்னால், "பாத்தியா!" என்று துள்ளியிருப்பீர்கள். அதைக் கேட்க எங்கே போவேன்?

இத்தனை காலம் பண்டிகை நாட்களில் டூட்டி கேட்டு வாங்கி, கூப்பிட்ட வீடுகளையெல்லாம் தட்டிக்கழித்தேன். இந்த ரம்ஜானுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆம்பூருக்குப் போவேன். வாசலில் ஜமீலா எனக்குப் பின்னால் உங்களைத் தேடுவார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வேன். சொல்லிவிட்டு ஓடிவர மாட்டேன். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். இது நிச்சயம்.

என்றும் உங்கள் மனைவி,
கிரேஸ்